கணினியில் இருந்த மருந்து

பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதா என்று ஓர் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால் உண்டு, இல்லை என்று இரண்டு பதில்தான் வர முடியும் என்று நினைத்திருந்தேன். வேலையின் கடைசிக் காலத்தில் மூன்றாவதாக ஒரு பதிலையும் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரில் இருக்கிறது.

இதை எழுதச் சொன்னவர்கள் இப்போது பணியில் இருக்கும் பார்மசிஸ்ட் பெண்கள். மருந்துக் கணக்கை மறுபடியும் ஒரு புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றப்போகிறார்களாம். முன்னதைவிடப் பெரியதாம், எல்லாப் பிரிவையும் ஒரே கயிற்றில் கட்டுமாம். “எஸ்தர் சேச்சி, உங்களுக்கு நடந்ததைக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்” என்றார்கள். மேடையில் நின்றால் ஒன்று அழுவேன், இல்லையென்றால் யாரையாவது திட்டுவேன். இரண்டாலும் அவர்களுக்குப் பயன் கிடையாது. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் பிறந்தது சூரியநெல்லியில், எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில். அப்பா தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். அம்மா கொழுந்து எடுத்தாள். தமிழ் மீடியத்தில் படித்து, மலையாளத்தில் பரீட்சை எழுதி, பார்மசி டிப்ளமாவும் முடித்து அரசு வேலைக்கு வந்தேன். முதலில் குமுளிப் பக்கம் சில வருஷம். கணவருக்குக் கொல்லங்கோட்டில் வேலை கிடைத்ததால் மாற்றல் கேட்டு மலையிறங்கினேன். பாலக்காடு மாவட்டத்தில், எல்லையோரம் தமிழ் பேசும் முதலமடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பேரைச் சொல்லவில்லை. அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

மலையில் எங்களுக்கு அட்டைதான் தொந்தரவு. இங்கே பாம்பு. மழை குறைந்த காய்ந்த பூமி, கண்ணுக்கெட்டிய தூரம் மாந்தோப்பு. மாசி பிறந்தால் பறிப்பு ஆரம்பம். உதிர்ந்த சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும். மாங்காய் அடுக்க வைக்கோல் போட்டிருக்கும் கொட்டகைகளில் சுருட்டை விரியன் கிடக்கும். சுருட்டை ஒரு முழ நீளம்கூட இருக்காது, ஆனால் அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். நான் இங்கே வந்த முதல் மாம்பழக் காலத்திலேயே இதெல்லாம் தெரிந்துகொண்டேன்.

கடிபட்டவர் வந்தால் செய்யும் முறை இதுதான். முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு நிறுத்தி வைப்போம். இருபது நிமிஷம் அதை யாரும் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. பிறகு மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாகி அப்படியே நின்றால் கடவுளுக்கு நன்றி. தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறிவிட்டது. உடனே பத்துக் குப்பி மருந்து வேண்டும். மருந்து குப்பிக்குள் வெள்ளைப் பொடியாக இருக்கும். சுத்த நீர் விட்டு உள்ளங்கைக்குள் உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் பாழாகிவிடும். பத்தையும் கரைத்து சலைனில் கலந்து ஏற்றுவார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி கண்ணாடிக் குழாய். இன்னும் உறையவில்லை என்றால் இன்னும் பத்து. ஒன்பது குப்பியை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்ற பேச்சே அதில் கிடையாது.

இந்த முறையை எனக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மெடிக்கல் ஆபீசர் டாக்டர் வத்சலா. திருச்சூர்க்காரர். எங்களிடம் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். கோபம் வந்தால் குரல் தாழும், அவசரம் வந்தால் இன்னும் தாழும். காலையில் வந்ததும் நோயாளிகளைப் பார்க்கப் போகமாட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக என் ஸ்டோருக்குள் வருவார். பாம்புக்கடி மருந்து இருக்கும் தட்டின் முன்னால் நின்று ஒவ்வொரு குப்பியின் தலையையும் சுட்டுவிரலால் தொட்டு எண்ணுவார். உதடு அசையும், சத்தம் வராது. முடிந்ததும் “உண்டு” என்பார். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருள் உள்ள சொல். அந்த ஒரு சொல்லோடுதான் எங்கள் நாள் தொடங்கும். நானும் அவரும் சேர்ந்து பல மாம்பழக் காலங்களைத் தாண்டினோம். சாகக் கிடந்து வந்தவர்கள் நடந்து திரும்பிப்போனதைப் பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் அவர் சொன்னால் கிணற்றில்கூடக் குதித்திருப்பேன்.

பழைய கம்ப்யூட்டரைப் பற்றி நான் பெருமை பேசப்போவதில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பாலக்காட்டில் யாரோ ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கென்று எழுதிக் கொடுத்த புரோகிராம். எழுதியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். கெட்டுப்போனால் சரிசெய்ய ஆளில்லை. எங்கள் கணக்கு எங்களுக்குள்ளேயே கிடக்கும். ஒரு ஊரில் மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போகும், பக்கத்து ஊரில் அதே மருந்து இல்லாமல் ஆள் சாவார். எல்லா ஆஸ்பத்திரியையும் இணைக்கப்போகிறோம் என்று சொன்னபோது கைதட்டினவர்களில் நானும் ஒருத்தி. இதை மறைக்க மாட்டேன். மாற்றம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. மாற்றிய விதத்தில்தான்.

பாலக்காட்டில் அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள். திட்டப் பொறுப்பாளர் இளைஞர், மரியாதையான பேச்சு. பழைய புரோகிராமில் நாங்கள் எண்ணிக்கை மட்டும்தான் பதிவோம். அறுபது என்றால் அறுபது குப்பி என்று எங்களுக்குத் தெரியும், அதனால் அலகு எழுதுவது வழக்கமில்லை. எழுந்து நின்று கேட்டேன்: “சார், குப்பியா பெட்டியான்னு எங்க கணக்குல இருக்காது. புதுசு அத எப்படி எடுத்துக்கிடும்?”

“அதெல்லாம் மாஸ்டர் பார்த்துக்கும் சேச்சி” என்றார்.

மாஸ்டர் என்றால் மேலே இருக்கும் பெரிய அதிகாரி என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். அது மருந்துகளின் பொதுப்பட்டியல் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பட்டியலில் பாம்புக்கடி மருந்தின் அலகு பெட்டி. ஒரு பெட்டிக்குப் பத்துக் குப்பி.

துவக்க விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. விழாவுக்கு முன்னால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ‘கணக்கு முழுவதும் சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். நாங்கள் புதிய திரையில் எங்கள் கணக்கைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. டாக்டர் வத்சலாவிடம் சொன்னேன்: “ஒரு மாசம் ரெண்டையும் சேர்த்து ஓட்டுவோம் டாக்டர். பழசுல உள்ளதும் புதுசுல உள்ளதும் ஒண்ணுதானான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடலாம்.”

அவரும் மேலிடத்துக்குப் போன் செய்து கேட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நம்ம ஒரு ஆஸ்பத்திரிதான் பாக்கியாம் எஸ்தரே. நம்மால மாவட்டம் முழுக்க நிக்குதாம்.” கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே பழைய கம்ப்யூட்டரை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும் தவறு. பார்க்க வழியில்லாமல் போனது.

புதிய திரை திறந்தது. இருமல் மருந்தைப் பாட்டிலுக்குப் பதிலாக லிட்டரில் காட்டியது. நானும் ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டரும் சிரித்தோம். பாம்புக்கடி மருந்தைத் தேடிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. தட்டில் இருந்தது அறுபது குப்பி, அதாவது ஆறு பெட்டி. திரையில் இருந்தது அறுபது பெட்டி.

அன்றே புகார் பதிந்தேன். மறுநாள் பதில் வந்தது: ‘மருத்துவமனை சரிபார்த்துக் கையொப்பமிட்ட கணக்கு. புகார் முடித்துவைக்கப்படுகிறது.’ மறுபடி பதிந்தேன். மறுபடி அதே பதில். பொறுப்பாளர் இளைஞருக்குப் போன் செய்தேன். “சேச்சி, மாற்றும் அதிகாரம் இப்போ என் கையில இல்லை. சிஸ்டத்துல திருத்த விண்ணப்பம் போடுங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதிகாரம் நிஜமாகவே அவர் கையில் இல்லை. யார் கையில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாசி பிறந்தது. கடிபட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவருக்குப் பத்துக் குப்பி கொடுத்தால் திரையில் ஒரு பெட்டி குறையும். தட்டு காலியாகிக்கொண்டே வந்தது, திரை மட்டும் நிறைந்தே இருந்தது. புது மருந்து கேட்டு எழுதினால் ‘இருப்பு போதுமானது’ என்று இயந்திரமே திருப்பி அனுப்பியது. வெளியே கடையில் வாங்கலாம் என்றால் அதற்கு இருப்பு இல்லை என்ற சான்று வேண்டும், அந்தச் சான்றையும் அதே திரைதான் தர வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. எங்களிடம் தேவைக்கு மேல் இருப்பதாகக் கணக்குப் போட்டு, இருபது பெட்டியைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பார்மசிஸ்ட் கூப்பிட்டார். முன்னெல்லாம் எனக்குக் குறைந்தால் அவரும் அவருக்குக் குறைந்தால் நானும் கைமாற்றாகக் கொடுத்து வாங்குவோம்.

“சேச்சி, உங்க கிட்டேருந்து வருதுன்னு எங்க ஆர்டரை நிறுத்திட்டாங்க. எப்ப அனுப்புவீங்க?”

“எங்கிட்ட ரெண்டு பெட்டிதான் இருக்கு.”

 “அப்போ எங்களுக்கும் இல்லை” என்றார். அந்த வாரமே ஒருவருக்குப் பத்துக் குப்பி ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது வழிக்கென்று இன்னும் ஆறு கொடுத்தோம்.

திருத்த விண்ணப்பத்தைத் திறந்தேன். இருப்பைக் குறைக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு காரணங்களை அந்த இயந்திரமே வைத்திருந்தது: காலாவதி, உடைந்தது, திருட்டு, குறைவு. கணக்கைத் தவறாக ஏற்றிவிட்டீர்கள் என்று சொல்ல அதில் இடமே இல்லை. தவறு என்ற ஒன்று தங்களுக்கு நேரலாம் என்று அதைச் செய்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. ‘குறைவு’ என்பதைத் தேர்ந்தால் பொறுப்பாளர் பெயர் கேட்டது. அதாவது, என் பொறுப்பில் இருந்த ஐம்பத்து நான்கு பெட்டி காணவில்லை என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். “செய்யாதே எஸ்தரே. இது உன் தலையில விழும்” என்றார்.

“வேற வழி சொல்லுங்க டாக்டர். சீசன் பாதிகூட ஆகல.”

 நான் என் பெயரை அடித்தேன். கீழே விளக்கம் எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. குப்பிக்கும் பெட்டிக்கும் நேர்ந்த குழப்பத்தை அதில் எழுதினேன். பாதி வாக்கியத்தில் கட்டம் நிறைந்துவிட்டது. மெடிக்கல் ஆபீசரின் ஒப்புதலுக்காக டாக்டர் மேஜைக்குப் போனது. அவர் தன் குறிப்பை எழுதி மேலே அனுப்பினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? தினமும் தன் விரலால் தொட்டு எண்ணியவர்.

அனுப்பிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. ‘குறைவு’ என்று பதிந்தால் விசாரணை முடியும்வரை அந்த மருந்தின் கணக்கு பூட்டிக்கொள்ளும். புது மருந்து வரவும் வழி கிடையாது.

ருக்குமணியைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

ரத்த அழுத்த மாத்திரைக்காக மாதாமாதம் என்னிடம் வருகிறவள். கணவர் மயில்சாமிக்குச் சின்னதாக ஒரு மாந்தோப்பு உண்டு. பறிப்புக் காலத்தில் அவள் பக்கத்து வியாபாரியின் கொட்டகையில் மாங்காய் அடுக்கும் வேலைக்கும் போவாள். நல்ல உரத்த குரல். வரிசையில் பின்னால் நின்றாலும் முன்னால் இருப்பவர்களுக்கு அவள் வந்தது தெரிந்துவிடும். ஒருமுறை மாத்திரை அட்டையின் நிறம் மாறி வந்தது. வாங்க மாட்டேன் என்று ஜன்னலிலேயே நின்றாள்.

“ஏனுங்கக்கா, பச்சை அட்டையக் குடுத்துப் பழக்கிப்போட்டு இப்ப நீல அட்டைய நீட்டுனா எப்படீங்க? அந்த மாத்திரைக்குத்தானுங்க என்ற ஒடம்பு கேக்கும்.”

ரெண்டும் ஒரே மருந்துதான் என்று எழுத்தைக் காட்டி விளக்கினேன். “நீங்க சொன்னா செரி. வேற ஆரு சொல்லியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேனுங்க” என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று வெயில் தாழ்ந்து வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். மயில்சாமி வண்டி ஓட்ட, நடுவில் ருக்குமணி, பின்னால் கொட்டகையில் வேலை பார்க்கும் ஒரு பெண் அவளைப் பிடித்தபடி வந்து இறங்கினார்கள். வைக்கோலை அள்ளும்போது கையில் கடித்திருக்கிறது. பாம்பை அடித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார் மயில்சாமி. சுருட்டை.

“கடிச்சுப்போட்டுதுங்கக்கா. எறும்பு மாதிரிதானுங்க இருந்துச்சு. இவருதான் வண்டிய எடுத்துப்போட்டாரு” என்றாள் ருக்குமணி. பேசும்போதே ஈறில் ரத்தம் தெரிந்தது.

“பேசாதீங்க. அசையாம படுங்க” என்றேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டார். நாங்கள் காத்திருந்தோம். டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் ஓடியது. அவர் என் பக்கம் திரும்பி, வெகு தாழ்ந்த குரலில், “எத்தனை இருக்கு?” என்றார். காலையில் எண்ணியவர்தான். இருந்தும் கேட்டார்.

“நாலு.”

நான்கையும் கரைத்தோம். என் உள்ளங்கைகளுக்கு இடையில் அவை கரைய எடுத்த நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சலைனில் ஏற்றிக்கொண்டே டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எடுத்தவர் புதிதாக வந்த டாக்டர் போலிருக்கிறது. அவர் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“மேடம், உங்க ஸ்டாக் என் முன்னால இருக்கு. ஐம்பத்து நாலு பெட்டி. எங்களுக்கே இங்க அவ்வளவு இல்லை. எதுக்கு இங்க அனுப்பறீங்க?”

“இல்லைன்னு சொல்றேன். என் கண்ணு முன்னால தட்டு காலியா கிடக்கு.”

“சிஸ்டம் அப்படிக் காட்டலையே மேடம்.”

டாக்டர் வத்சலா கத்தியதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். மருந்து இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று அவர்களும் அதே கணக்கைப் பார்த்துத்தான் சொன்னார்கள். எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரையே சொன்னார்கள். மாங்காய் வியாபாரி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் கொண்டுபோவது என்று முடிவானது. அங்கே எங்கள் கம்ப்யூட்டர் கிடையாது. கேட்டால் அலமாரியைத் திறந்து பார்த்துச் சொல்வார்கள்.

காரில் ஏற்றும்போது ருக்குமணி என் கையைப் பிடித்தாள். “மருந்து தீந்துபோச்சுங்களா?”

“அங்க போனா நிறைய இருக்கு” என்றேன்.

அங்கே இருந்தது. முழுசாகக் கொடுத்தார்கள். ஆனால் போன நேரம் போனதுதான். சிறுநீரகம் நின்றுவிட்டது. அங்கிருந்து கோயமுத்தூருக்கு மாற்றினார்கள். சில நாட்களில் உடலாகத் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் அவசரம் வந்தது. அந்த மருந்து ஏன் இல்லை என்று பத்திரிகையில் வந்தது. மேலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு விடை தயாராகக் கிடந்தது: குறைவு, ஐம்பத்து நான்கு பெட்டி, பொறுப்பாளர் எஸ்தர். ஐந்நூற்று நாற்பது குப்பி உயிர் மருந்தைக் காணோம் என்று ஒரு பெண் தானே ஒப்புக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

விசாரணைக்கு வந்த அதிகாரி நாற்காலி கொடுத்து உட்காரவைத்தார். டீ வரவழைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “சேச்சிக்குப் பொள்ளாச்சியில் பந்துக்கள் ஆராவது உண்டோ?”

“சொந்தக்காரங்க யாரும் இல்ல சார். எனக்குச் சூரியநெல்லி.”

“தமிழ்நாட்டில் எங்கேயும்?”

“போடியில ஒரு அத்தை இருக்காங்க.”

போடி என்பதை அவர் எழுதிக்கொண்டார். எதற்கு எழுதுகிறார் என்று அப்போது புரியவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் டீக்கடையைத் தாண்டும்போது புரிந்தது. பாண்டிக்காரி, அதாவது தமிழ்நாட்டுக்காரி, மருந்தை எல்லைக்கு அந்தப் பக்கம் விற்றுவிட்டாள் என்பது பேச்சு. என் பாட்டனார் காலத்திலிருந்து இந்த மாநிலத்தின் மலையில் உழைத்த குடும்பம் எங்களுடையது. இந்த அரசாங்கத்தின் சம்பளத்தில்தான் நான் வாழ்ந்தேன். ஒரு குழப்பம் வந்ததும் நான் அந்தப் பக்கத்து ஆளாகிவிட்டேன். தமிழ் பேசும் ஊரிலேயே அப்படிப் பேசினார்கள். ஜன்னலில் மருந்து வாங்குகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் கை நீட்டினார்கள்.

விசாரணையில் நான் கேட்டது ஒன்றுதான். “சார், மாவட்டத்துக்கே இந்த வருஷம் எத்தனை குப்பி வாங்கினீங்கன்னு பாருங்க. வாங்காத மருந்த நான் எப்படி விக்க முடியும்?” குறித்துக்கொள்கிறேன் என்றார். குறித்துக்கொண்டார். ஆனால் யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் வத்சலா எழுதிய குறிப்பை அந்த அறையில்தான் எனக்குப் படித்துக் காட்டினார்கள். ‘பார்மசிஸ்ட் தெரிவித்தபடி மேலனுப்பப்படுகிறது. இருப்பைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது.’

அன்று மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

“நேரடியா தெரியாதா டாக்டர்?”

அவர் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். “ப்ரமோஷன் லிஸ்டுல என் பேரு இருக்கு எஸ்தரே. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. கணக்கைச் சரிபார்த்தேன்னு முன்னால கையெழுத்துப் போட்டதும் நான்தான். இப்ப இல்லைன்னு எப்படி எழுதுவேன்? உன்னைப் பத்தி எனக்குத் தெரியும். நீ எடுக்க மாட்டே.”

“அத எழுதியிருந்தா போதுமே டாக்டர். எனக்குத் தெரியும்னு ஒரு வரி.”

அவர் அழுதார். அவர் அழுகை பொய்யில்லை. அன்று ருக்குமணிக்காக அவர் கத்தியதும் பொய்யில்லை. ஆனாலும் அந்த வரியை அவர் எழுதவில்லை. சில மாதங்களில் உயர்வு கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போனார். புறப்படும் நாளில் ஸ்டோர் வாசல்வரை வந்து நின்றார். நான் உள்ளே இருந்தேன், வெளியே வரவில்லை. அவரை மன்னித்துவிட்டேனா என்று இதை எழுதச் சொன்ன பெண்கள் கேட்டார்கள். இல்லை. அந்தக் கம்ப்யூட்டரையாவது மன்னிக்கலாம். அதற்குக் கண்ணும் கிடையாது, விரலும் கிடையாது.

மயில்சாமி ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

“ஏனுங்கக்கா, ஊருல ஒண்ணு பேசிக்கறாங்க. நா அதைய நம்பறேன்னும் சொல்லல, நம்பலைன்னும் சொல்லல. உங்க வாயால கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க.”

அவரை ஸ்டோருக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, பெட்டி, அறுபது. ஒரு குப்பியையும் ஒரு பெட்டியையும் எடுத்துக் காட்டினேன். அவர் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செரிங்க” என்று வைத்துவிட்டு எழுந்து போனார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது விசாரணை முடியவில்லை. சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தேன். வழியனுப்பு விழா வைத்தால் யார் தலைமை தாங்குவது என்று அவர்களுக்குச் சங்கடம். நானே வேண்டாம் என்றேன்.

பிறகு ஒரு நாள் இறுதி உத்தரவு வந்தது. கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அதிகாரி, விசாரணையின்போதே நான் கேட்டதைச் செய்து பார்த்திருக்கிறார். கொள்முதல் கணக்கை எடுத்துக் கூட்டியிருக்கிறார். மாவட்டம் முழுக்க வாங்கியதே அவ்வளவு இல்லை. அரை நாள் வேலையாக இருந்திருக்கும். என் மேல் இருந்த குற்றச்சாட்டு நீங்கியது. சாஃப்ட்வேரில் காரணங்களின் வரிசையில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன்: அலகு மாற்றப் பிழை.

உத்தரவை எடுத்துக்கொண்டு மயில்சாமியைப் பார்க்கப் போனேன். அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று சொல்லத் தெரியவில்லை. ஊரில் வேறு யாருக்கும் காட்டத் தோன்றவில்லை. தோப்பில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கூடைகளை லாரிக்குத் தூக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். காகிதத்தை நீட்டினேன்.

“மலையாளத்துல இருக்குதுங்க. எனக்கு எழுத்துக் கூட்ட வராது. நீங்களே படிச்சுச் சொல்லீருங்க.”

படித்துத் தமிழில் சொன்னேன். மேற்படி ஐம்பத்து நான்கு பெட்டி மருந்து இந்த மருத்துவமனைக்கு வழங்கப்படவே இல்லை என்பது உறுதிசெய்யப்பட்டது. கணக்கு மாற்றத்தின்போது ஏற்பட்ட அலகுப் பிழையே காரணம். பார்மசிஸ்ட் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது. அரசுக்கு இழப்பு எதுவும் ஏற்படவில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய பிறகும் இன்னும் வரும் என்று நினைத்தவர் போல நின்றார்.

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதான்.”

“இதுல ருக்குமணி பேரு எங்கீங்க வருது?”

முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன். வராது என்று தெரிந்தும், அவர் முன்னால் நின்றுகொண்டு கடைசி வரிவரை தேடினேன்.

“வரல” என்றேன்.